வகுப்பில் நின்றபடியே ஆசிரியர் ஆனவர்கள்

கடாரத் தோட்டத் தமிழர் வரலாறு: பகுதி 14

1936 டிசம்பரில் இந்திய அரசின் பிரதிநிதியாக மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை நாம் கூலி விவகாரத்தோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாள்கூலியை மீண்டும் கொடுக்கச் சொன்னவர். கங்காணி மூலம் ஆள் பிடிப்பதை மறுபடி தொடங்கவேண்டாம் என்றவர். முதலாளிகளிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று மலாயா இந்தியத் தலைவர்களிடம் திட்டும் வாங்கியவர். ஆனால் சாஸ்திரி முதலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அரசியலுக்கு வருமுன் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். மலாயாவில் கால் வைத்த நேரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். தோட்டப் பள்ளிகளை அவர் பார்த்த பார்வை ஓர் ஆசிரியரின் பார்வை. 1937-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில் அந்தப் பள்ளிகளின் தரம் பற்றிய அதிருப்தி பதிவாகியிருப்பது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் பார்த்த பள்ளி எப்படிப்பட்டது? கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஒரு விதி வைத்திருந்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்தவேண்டும். நம் கடாரமாகிய கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். 1909-இல்தான் சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆனாலும் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டங்களை நடத்தியவர்கள் தெற்கே நடத்தியவர்களைப் போன்ற கம்பெனிக்காரர்களே. பள்ளிக்கூட வழக்கமும் அவர்களோடு சேர்ந்து வடக்கே வந்தது. பள்ளிக்கூடம் வந்ததே தவிர, அதில் நிற்கப்போகிற ஆள் யார் என்பது துரையின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாத்தியார் ஆனார். சில தோட்டத்தில் கங்காணி, சில தோட்டத்தில் கிராணியின் (அலுவலக எழுத்தரின்) உறவினர், சில தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் கொஞ்சம் படித்தவர். ஊரில் திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனப்பாடம் செய்துவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களும் இருந்தார்கள். அத்தாப்புக் கூரையோ தகரக் கூரையோ போட்ட ஒரே அறை. அதற்குள் எல்லா வகுப்பும். பக்கத்திலேயே ஆயாக் கொட்டகை. பெரிய பிள்ளைகள் வெளிக்காட்டு வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் பள்ளி நேரம் வேலை நேரத்துக்கு ஏற்றபடி சுருங்கிக்கொண்டது. பாடப்புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ரப்பர் மரத்தைத் தவிர வேறு மரம் பார்க்காத பிள்ளைக்குக் காவிரியையும் கரிசல்காட்டையும் அந்த மனிதர் வாயாலேயே காட்டவேண்டியிருந்தது.

பள்ளி விட்டதும் அவர் வேலை முடிந்ததா? கோயில் திருவிழாக் கணக்கு அவரிடம். ஊருக்குப் போகும் கடிதங்கள் அவர் கையெழுத்தில். பத்திரிகை வந்தால் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பவர் அவர். தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ நாடகம் போட்டால் எழுதுபவரும், பழக்குபவரும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவரும் அவரே. சம்பளமோ கிராணியின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தோட்டத்து மரியாதை வரிசையில் துரை, கிராணி, டிரெசர் (மருத்துவ உதவியாளர்), கங்காணி என்று எண்ணிக்கொண்டு வந்தால் வாத்தியாருக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் லயத்து மக்கள். கம்பெனி கொடுக்கவில்லை.

இந்த ஓராசிரியர் வகுப்பு நடந்த விதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அகரம் எழுதுகிறது, நான்காம் வகுப்பு பெருக்கல் போடுகிறது, ஆறாம் வகுப்பு கடிதம் எழுதப் பழகுகிறது. மூன்று கூட்டத்துக்கும் ஒரே வாத்தியார். மூத்த மாணவர்களில் கெட்டிக்காரனைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சின்ன வகுப்பை அவனிடம் ஒப்படைத்தால்தான் பள்ளி நடக்கும். இதை ஏழைத் தோட்டத்தின் ஏற்பாடு என்று ஒதுக்கிவிடக்கூடாது. 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் அனாதைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அந்த மணலைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வகுத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணையின் சட்டாம்பிள்ளை இப்படி உலகம் சுற்றினான்.

பிறகு இங்கிலாந்து அந்த முறையோடு நிற்கவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டிய செய்தி. 1846-இல் மாணவ ஆசிரியர் முறையைக் கொண்டுவந்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்து ஆண்டு ஒரு தலைமையாசிரியரிடம் தொழில் பழகி, பிறகு பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம். சென்னையிலும் 1856-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான். அப்படியானால் 1920-களில் கெடாவின் தோட்டத்தில் நின்ற வாத்தியாருக்கு அரசு வைத்திருந்தது என்ன?

மலாய் ஆசிரியருக்கு வழி இருந்தது. 1922-இல் பேராக் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய்ப் பெண்களுக்கு 1935-இல் மலாக்காவில் தனிக் கல்லூரி. தஞ்சோங் மாலிம் கல்லூரி ஆசிரியர்களை மட்டும் உருவாக்கவில்லை. இப்ராஹிம் யாக்கோப் போன்ற தேசியவாதிகளும் ஹாருன் அமினுர்ரஷீத் போன்ற எழுத்தாளர்களும் அதிலிருந்து வந்தார்கள். பல மாநில இளைஞர்கள் ஒரே விடுதியில் சில ஆண்டுகள் சேர்ந்து தங்கிப் படித்ததால் விளைந்தது அது. தமிழ் ஆசிரியருக்கு அப்படி ஒரு கூரை கட்டித்தரப்படவில்லை. தமிழ்த் தொழிலாளி சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவான், அவன் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் போதும் என்ற நினைப்பு ஆட்சியாளர்களிடம் ஊறிக்கிடந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகப் பெரிய அநீதி கூலியில் இல்லை, இந்த நினைப்பில்தான் இருக்கிறது. கூலி பிறகு உயர்ந்தது. கல்லூரி இல்லாமல் போன முப்பது ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியவில்லை.

1930-களில்தான் நிலைமை அசைந்தது. தமிழ் தெரிந்த ஆய்வாளர் பள்ளிகளைப் பார்வையிடத் தொடங்கினார். வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பகுதிநேரப் பயிற்சி வகுப்புகள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மலாயாவில் வந்தன. வார நாளெல்லாம் வகுப்பில் நின்றுவிட்டு, ஓய்வு நாளில் நகரத்துப் பள்ளி ஒன்றில் மாணவனாக உட்காரவேண்டும். தோட்டத்துச் சடக்கில் சைக்கிளை மிதித்துப் பேருந்துத் தடத்துக்கு வந்து, அங்கிருந்து நகரம் சேர்ந்து, பாடம் கேட்டு, இருட்டிய பிறகு திரும்பவேண்டும். கற்றதை மறுநாளே பிள்ளைகளிடம் பரீட்சித்துப் பார்க்கலாம் என்பது அதிலிருந்த நல்ல அம்சம். பாடக் குறிப்பு எழுதுவது, கரும்பலகையைப் பயன்படுத்துவது, சின்னப் பிள்ளைக்கு எண்ணைப் பொருளால் காட்டுவது எல்லாம் அப்போதுதான் பலருக்கும் ஒரு முறையாகத் தெரியவந்தன. இந்த ‘ஓய்வு நாள் படிப்பு’ என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்கு அது வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. 1953-இல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் படித்தவர்கள் வருவதும் அருகிப்போனது. தமிழ்நாட்டிலிருந்து வாத்தியார் வருவார் என்று தோட்டம் இனிக் காத்திருக்க முடியாது. இங்கே பிறந்து, இங்கே தோட்டப் பள்ளியில் படித்த பிள்ளையே ஆசிரியராக வேண்டும். இந்த இரண்டு தடைகளுக்கும் நடுவே போர் வந்தது.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி முந்தைய பகுதிகளில் விரிவாகப் பார்த்தோம். 1943 அக்டோபரில் கெடா சயாமின் கையில் ஒப்படைக்கப்பட்டதையும், சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டதையும் மறுபடி சொல்லவேண்டியதில்லை. ஆசிரியரைப் பொறுத்தவரை ஒன்று மட்டும். இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் கூட்டங்களிலும் பாலர் சேனையிலும் பேசவும், பாடம் சொல்லவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் பழகிய ஓர் இளைஞர் தலைமுறை போருக்குப் பின் தோட்டத்தில் இருந்தது. 1946-47-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக நின்றபோது, அந்த ஒழுங்கை ஊர் முழுதும் கண்டது. 1947-இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசின் கையில் உயிர்கள் போயின. குடியை நிறுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்ற இரண்டு பேச்சும் அக்காலத்துத் தோட்டத்தில் ஒரே மூச்சில் வந்தவை. பள்ளியில் பிள்ளைகள் கூடினால் ஆசிரியர் கூடுதலாக வேண்டும். தேவை இப்படிக் கீழிருந்து வளர்ந்தது.

1950-களில் கெடாத் தோட்டத்தில் ஒரு பையன் ஆசிரியரான வழி இதுதான். தமிழில் ஏழாம் வகுப்புத் தேறுவான். வாத்தியார் அவனைத் தம் பள்ளியிலேயே மாணவ ஆசிரியராக நிறுத்திக்கொள்வார். பிறகு ஓய்வு நாள் பயிற்சி, தேர்வு, சான்றிதழ். அவன் அப்பாவும் அம்மாவும் விடியலுக்கு முன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அவன் வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்குப் போவான். லயத்திலிருந்து வெளியேற இருந்த ஒரே படிக்கட்டு பல குடும்பங்களுக்கு இதுவாகவே இருந்தது. ஒரு வீட்டில் அண்ணன் ஆசிரியரானால் தம்பி தங்கையும் அதே பாதையில் போனதற்குக் காரணம் குடும்ப மரபு என்பதைவிட, கண்ணுக்குத் தெரிந்த வேறு பாதை இல்லாததுதான்.

சான்றிதழ் தந்த பயிற்சியைவிட ஆழமான ஒரு பயிற்சி வேறு இடத்தில் நடந்தது. பத்திரிகையில். 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950-களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் திறந்தது. 1924 முதல் வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’, 1950-ஐ ஒட்டி சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பை’ வெளியிட்டது. எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறோம் என்று சொன்ன வகுப்பு அது. தோட்டத்தில் தனியாக நின்ற ஆசிரியருக்கு அஞ்சலில் வந்த ஆசான் அது. தஞ்சோங் மாலிம் விடுதி மலாய் ஆசிரியர்களுக்குச் செய்ததில் ஒரு பங்கைத் தமிழ் ஆசிரியர்களுக்கு இந்த இரண்டு நாளேடுகளும் செய்தன என்று நான் துணிந்து சொல்வேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பகுதி அமையவேண்டும், அதில் தமிழ் நிலைக்கவேண்டும் என்று சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது உழைப்பாளிகளின் காசும் அதில் சேர்ந்தது. பீடோங்கில் 1940-இல் பிறந்த ரெ. கார்த்திகேசு பிறகு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் வளர்ந்தது இந்தக் காற்றைச் சுவாசித்த காலத்தில்தான்.

அதே ஆண்டுகளில் அரசு வேறொரு பக்கம் தாராளமாகச் செலவிட்டது. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே கெர்க்பியிலும், பிறகு உல்வர்ஹாம்ப்டன் பக்கத்தில் பிரின்ஸ்ஃபர்ட் லாட்ஜிலும் மலாயா இளைஞர்களுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் நடந்தன. 1956 பிப்ரவரியில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளைப் பற்றிய செய்தியை முதலில் கெர்க்பிப் பயிற்சி ஆசிரியர்களிடம் சொன்னார் என்பது புகழ்பெற்ற நிகழ்ச்சி. துங்கு அலோர் ஸ்டாரில் பிறந்தவர், கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் மாவட்ட அதிகாரியாக இருந்தவர், நம் தோட்டங்களை அறிந்தவர். ஆனால் கெர்க்பி ஆங்கிலவழிப் பயிற்சி. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கு அந்தக் கப்பலில் இடமில்லை.

1956-இன் ரசாக் அறிக்கையும் 1957-இன் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. அப்போது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள். பொதுப் பாடத்திட்டம் வந்தது, நாள் பயிற்சி நிலையங்கள் திறந்தன. துரையின் ஆளாக இருந்த வாத்தியார் மெல்ல அரசு ஆசிரியரானார். துரை மனம் கோணினால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் என்ற அச்சம் இதனால் விலகியது. 1970-களின் தொடக்கத்தில் அஸிஸ் ஆணையத்தின் சம்பளத் திட்டம் வந்தபின், இதர மொழிப் பள்ளி ஆசிரியருக்குப் பக்கத்தில் தமிழாசிரியரும் தலைநிமிர்ந்து உட்காரக்கூடிய நிலை பிறந்தது.

ஆனால் 1961-இன் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வைத்தது. இதன் பலனை ஆசிரியர் பயிற்சியின் கண்ணோடு பார்க்கவேண்டும். ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு நின்று, பிறகு வேற்றுமொழியில் ஐந்து ஆண்டு படிக்கவேண்டும். தமிழ் அவனுக்கு வாரத்தில் சில மணிநேரம், அதுவும் பி.ஓ.எல். (மாணவர் தாய்மொழி) வகுப்பு என்ற பெயரில் பள்ளி நேரத்துக்கு வெளியே. ஆசிரியர் கிடைத்தால் உண்டு. இப்படி வேற்றுமொழியில் வளர்ந்தவரே தேர்வு எழுதி, பயிற்சிக் கல்லூரி சென்று, மறுபடி தமிழுக்குத் திரும்பி, தமிழில் கணிதமும் அறிவியலும் சொல்லித்தரவேண்டும். கெடாவின் தோட்டங்களிலிருந்து அப்படிச் சுற்றிவந்து தமிழ்ப் பள்ளியில் நின்றவர்கள் மூன்று மொழியில் உழைத்தவர்கள். அந்த உழைப்புக்கு உரிய மரியாதையை நம் சமூகமே முழுதாகக் கொடுத்ததில்லை. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் என்றால் கொஞ்சம் குறைவாகப் படித்தவர் என்ற எண்ணம் நம் வீடுகளிலும் இருந்தது.

வழியில் விழுந்தவர்கள் அதிகம். புகுமுக வகுப்போடு நின்றவர்கள், மூன்றாம் படிவத்தில் தோற்றவர்கள் தோட்டத்துக்கே திரும்பினார்கள். அதனால் தகுதியுள்ள ஆசிரியருக்குப் பஞ்சம் வந்தது. பஞ்சத்தை நிரப்பியவர்கள் தற்காலிக ஆசிரியர்கள். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, பயிற்சி இல்லாமல், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நியமனத்தில் நின்றவர்கள். அடுத்த ஜனவரியில் வேலை இருக்குமா என்று தெரியாமலேயே பல ஆண்டு கழித்தவர்களை இந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் காணலாம். அவர்களுக்கென்று பள்ளி விடுமுறையில் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. மற்றவர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது இவர்கள் மக்தாப் எனப்படும் பயிற்சிக் கல்லூரியின் விடுதிக்குப் போனார்கள். 1930-களின் ஓய்வு நாள் வகுப்பு மறுபடி வந்துவிட்டது.

பயிற்சிக் கல்லூரியே கெடாவுக்கு வந்ததும் பெரிய மாற்றம். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, ஜித்ராவில் டாருல் அமான் கல்லூரி. இன்று இரண்டும் ஆசிரியர் கல்விக் கழகத்தின் வளாகங்கள். நாடு முழுதும் உள்ள 27 வளாகங்களில் சேர்ந்தவை. தலைமையாசிரியராக விரும்புகிறவர்கள் பள்ளி நிர்வாகம் பழகும் அமினுடின் பாக்கி கழகத்தின் வடக்குக் கிளையும் ஜித்ராவில்தான். ஹார்வர்டிலும் டப்ளினிலும் பிறந்த பிள்ளைக்கு ஆசிரியராவதும் தலைமையாசிரியராவதும் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் வந்தது.

பயிற்சியின் அளவும் வளர்ந்துகொண்டே போனது. சான்றிதழாக இருந்தது 1990-களில் மூன்று ஆண்டு டிப்ளோமா ஆனது. 2007 முதல் பட்டப்படிப்பு. எஸ்.பி.எம். முடித்த மாணவர் ஆயத்தப் படிப்பை முடித்து, அதன்பின் நான்கு ஆண்டு படித்து, பயிற்றுப்பணியாகப் பள்ளிகளில் நின்று, பட்டதாரியாக வகுப்புக்குள் வருகிறார். டிப்ளோமாவோடு நின்றிருந்த மூத்தவர்கள் என்ன செய்தார்கள்? வார இறுதியிலும் விடுமுறையிலும் படித்துப் பட்டம் பெற்றார்கள். ஐம்பது வயதில், மகளோ மகனோ பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே, தாமும் ஒப்படைப்பு எழுதிய தமிழாசிரியைகள் கெடாவில் உண்டு. 1994-இல் வந்த சிறப்பாசிரியர் திட்டம் இன்னொரு கதவு. அதற்கு முன்பு பதவி உயர்வு என்றாலே தலைமையாசிரியர் நாற்காலிதான். கற்பிப்பதில் வல்லவரும் கோப்புக்குள் போகவேண்டியிருந்தது. வகுப்பை விட்டு விலகாமலேயே உயரலாம் என்பதை அந்தத் திட்டம் முதல்முறை சாத்தியமாக்கியது.

எழுத்தும் ஆசிரியமும் சேர்ந்தே வளர்ந்த பழைய வழக்கமும் அறுந்துபோகவில்லை. சுங்கை பட்டாணியின் கோ. புண்ணியவான் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவர். சயாம் மரண ரயிலை ‘கையறு’ நாவலில் எழுதினார். அதே ஊரின் கே. பாலமுருகன் வகுப்பறையிலிருந்து சிறுகதையும் சிறுவர் நாவலும் எழுதுகிறார். லூனாஸ் மண்ணை ‘பேய்ச்சி’யில் கொண்டுவந்த ம. நவீனும் ஆசிரியர்தான். மலேசியத் தமிழ் இலக்கியத்தில் கெடாவுக்கு இருக்கும் கனம் அதன் பள்ளி அறைகளிலிருந்து வந்தது.

இப்போது அந்த அறைகளின் நிலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் விற்கப்பட்டதும், ஆட்கள் நகரத்துக்குப் பெயர்ந்ததும் தெரிந்த கதை. கெடாவில் இன்று ஏறக்குறைய 60 தமிழ்ப் பள்ளிகள். சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களில் பெரிய பள்ளிகள் நிரம்பி வழிகின்றன. தோட்டப் பெயரைத் தாங்கிய பல பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு. 150-க்குக் கீழ் இருந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’. 30-க்குக் கீழ் போனால் இரண்டு வகுப்பைச் சேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்துகிறார்கள்.

கூட்டு வகுப்பு! ஒரே அறையில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியர். நூறு ஆண்டுக்கு முன் அத்தாப்புக் கூரையின்கீழ் நின்ற வாத்தியாரின் வேலைதான் இது. ஒரு கூட்டத்துக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மறு கூட்டத்துக்குப் பாடம் சொல்வது, எழுத்து முடியும் நேரத்தை முன்கூட்டியே கணிப்பது, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது இருவரும் கற்கும்படி பார்ப்பது, ஒரே கதையை இரண்டு வயதுக்கும் சொல்வது. அந்தக் கைவினையை அவருக்கு யாரும் கல்லூரியில் கற்பிக்கவில்லை. அவரும் அதை எழுதிவைக்கவில்லை. இன்று பட்டத்தோடு வரும் இளம் ஆசிரியை ஒரு சிறிய தோட்டப் பள்ளிக்கு நியமனமாகும்போது அவருக்கு முதலில் தேவைப்படுவது அதுவே. நம் பயிற்சிக் கல்லூரிகளின் தமிழ்ப் பிரிவுகள் ஓய்வுபெற்ற ஓராசிரியர் பள்ளி ஆசிரியர்களை அழைத்து உட்காரவைத்து, ஒரு பருவம் முழுக்கக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். இதற்கு நிதியும் பெரிதாக வேண்டாம், ஆணையமும் வேண்டாம்.

தோட்டத்தின் அனுபவத்தை ஆசிரியர் பயிற்சியோடு சேர்ப்பதற்கு இலங்கை மலையகத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. தேயிலைத் தோட்டப் பள்ளிகளும் நம்முடையவை போலவே ஓரறைப் பள்ளிகளாகத் தொடங்கியவை. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மானிய உதவியோடு எழுந்தது, தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்தே தோட்டத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கும் நோக்கத்தோடு. பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவரே அதன் ஆசிரியராகவேண்டும் என்ற கருத்து அங்கே ஒரு கல்லூரியாகவே நின்றது.

1950-களில் ஓய்வு நாள் வகுப்புக்குச் சைக்கிள் மிதித்தவர்கள் இன்று 80 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பாடக் குறிப்பேடு, பயிற்சிச் சான்றிதழ், வகுப்புப் புகைப்படம், பள்ளி நாட்பதிவேடு எதுவாக இருந்தாலும் கெடா வாசகர்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். தோட்டம் விற்கப்பட்டபோது அலுவலகத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போன பதிவேடுகள் ஏராளம். வீட்டுப் பெட்டிக்குள் கிடப்பவைதான் மிச்சம். படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பின்னால் எழுதிவையுங்கள். பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

இந்தப் பகுதியில் நான் பேசியது பெரும்பாலும் ஆண்களைப் பற்றி. அடுத்த பகுதி, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் வெளிக்காட்டு வேலைக்குப் போகாமல் கரும்பலகைக்கு முன் வந்து நின்ற தலைமுறையைப் பற்றியது.

(தொடரும்)